தலைத்துணி

அடுப்புக்கு மேலே உலர்ந்துகொண்டிருந்த அபின் துணியைத் தருலதா உருவித் தலையில் முண்டாசாகக் கட்டவும், கலால் அதிகாரி வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கூடவே சேவகன் போகாய். அவள் புருஷனுக்குத் தம்பி முறை.

அபின் சாற்றைத் துணியில் ஊறவைத்துக் காயப்போட்டு, வேண்டும்போது கிழித்துத் தண்ணீரில் அலசிக் குடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அவள் புருஷன் ஹலிராமுக்கு, மாசம் இவ்வளவு அபின் வாங்கலாம் என்று சர்க்கார் கொடுத்த புத்தகம் உண்டு. ஆனால் வருஷா வருஷம் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். குறைந்ததிலிருந்து அவனுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மீதிக்கு மலையிலிருந்து வருகிற திருட்டு வியாபாரிதான். பிடிபட்டால் அவளுக்கு ஜெயில், அவனுக்குப் புத்தகம் ரத்து. புத்தகம் போனால் இந்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டான்.

"நடவுக்குக் கிளம்பிட்டியாம்மா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்கய்யா. நாத்து காத்துக்கிட்டிருக்குமா?"

அரிசிப் பானை, பாய், தறிக்கட்டை எல்லாம் பார்த்தாயிற்று. போகாய் அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறினான்.

"அப்படியே அடுப்பையும் மெழுகிட்டுப் போயேன் தம்பி," என்றாள்.

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல அண்ணி."

"அந்த வாத்துக் கூண்டத் தூக்கிக் காட்டு," என்றார் அதிகாரி, முற்றத்தைப் பார்த்து.

முற்றத்தில் மழை. "நான் தூக்குறேன்," என்று போகாய் எழுந்தான்.

"நீ இரு. அவ வாத்து, அவ தூக்கட்டும்."

போய்த் தூக்கினாள். வாத்துகள் கத்தின. கூண்டடியில் எச்சமும் சேறும்தான். திரும்பி வருவதற்குள் தலை நனைந்துவிட்டது. காதோரம் ஏதோ ஊர்ந்தது. உதட்டுக்கு வந்தபோது கசந்தது.

போகாய் பார்த்துவிட்டான். சாம்பல் படிந்த கை அப்படியே நின்றது.

"என்ன அண்ணி," என்றான், "மூஞ்செல்லாம் சேறு."

"சேத்துல நிக்கிறவ மூஞ்சில சந்தனமா இருக்கும்?"

அதிகாரி சிரித்தார். ஹலிராம் சிரிக்கவில்லை. மூலையில் படுத்திருந்தவன் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தான். நேற்றிலிருந்து துளி அபின் உள்ளே போகவில்லை. அவன் கண் அவள் முண்டாசை விட்டு அசையவில்லை. நாக்கு உதட்டைத் தடவியது. 'இந்தப் பக்கம் பாக்காதயேன் மனுஷா' என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள்.

அதிகாரி புத்தகத்தைப் பிரித்தார். "அடுத்த மாசத்துலேர்ந்து இன்னும் குறையுது. ரேகை வைக்கணும். கை நடுங்குதே, நீ பிடிச்சு வையம்மா."

மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. புருஷன் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கீழே எழுதாத வெள்ளைத் தாள். தாடையில் சொட்டு திரள்வது அவளுக்கே தெரிந்தது. போகாய் கூரையைப் பார்த்தான்.

ஹலிராமின் இன்னொரு கை மெல்ல எழுந்தது. நீண்டு வந்து, அவள் தாடைக்குக் கீழே, தண்ணீர் ஏந்துகிறவன் போலக் குவிந்து நின்றது. அதிகாரி தலை நிமிர்ந்தார்.

சொட்டு விழுந்தது.

ஹலிராம் கையை மூடிக்கொண்டான். அந்த மூடிய கை, நடுங்கி நடுங்கி, அவன் வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.