சின்னவளின் மருந்து

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். இருவரும் டாக்டர்கள், ஒரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை. குமட்டலோடு வருகிறவர்களுக்கு எந்த ஊசி நல்லது என்று அங்கே ஓர் ஆய்வு நடந்தது. பழைய மருந்து, புது மருந்து, வெறும் உப்புநீர். எதைப் போடுகிறோம் என்று போடுகிற நர்ஸுக்கே தெரியாது. பெரியவள் பழைய மருந்தின் கட்சி, சின்னவள் புதியதன் கட்சி. ஆனால் போட்டி தொடங்கியது மருந்தில் அல்ல, வீட்டில். சின்னவள் மருமகளாக வந்ததிலிருந்து மாமியார் வாயில் அவள் புகழைத் தவிர வேறு பேச்சில்லை. அதற்கு முன் பெரியவள் மாடாய் உழைத்ததெல்லாம் காற்றோடு போயிற்று.

ஒரு மத்தியானம் அந்த மாமியாரே தலைசுற்றலும் வாந்தியுமாக வந்து சேர்ந்தார். காதுக் கோளாறுதான் என்று டியூட்டி டாக்டர் சொன்னபிறகே பெரியவளுக்கு மூச்சு வந்தது. மாமியார் ஆய்வில் சேரச் சம்மதித்தார், நர்ஸ் ஊசி போட்டார். பெரியவள் வாந்திக்குப் பேசின் பிடித்தாள், வாயைத் துடைத்துவிட்டாள், மேலே தெறித்ததையும் பொருட்படுத்தவில்லை.

அரைமணி கழித்து நர்ஸ் கேட்டார்: "பத்துக்கு எவ்வளவும்மா குமட்டுது?"

"எட்டு. அப்படியேதான் இருக்கு."

அப்போதுதான் சின்னவள் வந்தாள். தோலைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சை மாமியாரின் மூக்கருகே பிடித்து, "மெதுவா மூச்ச இழுங்க அத்தை" என்றாள். அந்த நெடியில் குமட்டல் அடங்கி, கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது.

"சின்னவ கை பட்டதும் சரியாப்போச்சு பாரு!"

பெரியவள் கழுவின பேசினையே மறுபடி கழுவினாள்.

ஆய்வு முடிந்தது. மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதானாம், உப்புநீர் போட்டவர்களுக்கும் குமட்டல் அதே அளவு குறைந்திருந்தது. தன் மருந்து தோற்றது பெரியவளுக்கு உறைக்கவேயில்லை. சின்னவளுடையது ஜெயிக்காததே நெஞ்சில் பால் வார்த்தது. அதைவிட இனிப்பு, யாருக்கு எது என்ற பட்டியலைத் திறந்தபோது, மாமியாருக்குப் போட்டது அந்தப் புது மருந்துதான். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இதை எப்படி எடுத்துவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள்.

உட்கார்ந்ததுமே சின்னவள் முந்திக்கொண்டாள். "அத்தை, ஒரு வேடிக்கை! அன்னிக்கு உங்களுக்குப் போட்டது நான் தலைமேல தூக்கி வச்சு ஆடின மருந்துதான். ஒண்ணுமே வேலை செய்யல!"

மாமியார் பூரித்துப் போனார். "தன் தோல்விய தானே சிரிச்சுக்கிட்டு சொல்றா. இந்த மனசு யாருக்கு வரும்?"

"யாருக்கு வரும்!" என்றாள் பெரியவளும். எழுந்து போய், யாரும் கேட்காத தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த மாதமே பெரியவள் குழந்தைகள் வார்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அவசரப் பிரிவின் வாசலில் அவளைக் கட்டிக்கொண்டு, "நீங்க இல்லாம நான் என்ன பண்ணுவேன் அக்கா?" என்று அழுதவள் சின்னவள்தான். அந்த அழுகை நிஜமாக இருந்ததைத்தான் பெரியவளால் பொறுக்க முடியவில்லை.