பாட்டிலில் போட்ட கோடு

மார்ச் 11, காலை ஏழு மணி, மருத்துவமனையின் மூன்றாவது மாடி, குறைமாதக் குழந்தைகள் பிரிவு. நான்காம் எண் இன்குபேட்டரில் இருந்த பெண் குழந்தையின் எடை 1,240 கிராம். முந்தைய மூன்று நாட்களும் அதே 1,240.

இருபத்தொன்பதாவது வாரத்தில் பிறந்த குழந்தை. தாய்க்கு ஆபரேஷன் காயம் ஆறாததால் வீட்டில் இருந்தாள். அவள் பம்ப் வைத்து எடுத்த பாலை, ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தது அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. வார்டில் அதைப் பெரிய சிரிஞ்சில் ஊற்றி, சிரிஞ்சைத் தானாக அழுத்தும் பம்பில் படுக்க வைத்து, மூக்குக் குழாய் வழியாக மணிக்கணக்கில் மெல்ல இறக்குவார்கள்.

பதினெட்டு வருட அனுபவமுள்ள தலைமை நர்ஸுக்கு அந்தப் பாலைப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கவில்லை. பம்பிலிருந்து வரும் குழாயின் நுனியில் அது நீலம் பாரித்து, தண்ணீராக நின்றது. பால் குறையும்போது வெளியே சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீர் சேர்த்த தாய்மார்களை அவர் பார்த்திருக்கிறார். அன்று பாட்டில் காலியாகிவிட்டதால், குழாயில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனார்.

லேப்காரருக்கு வார்டில் தராசு என்று பெயர். மயிரிழைக் கண்ணாடிக் குழாயில் பாலை ஏற்றி இயந்திரத்தில் வேகமாகச் சுழலவிட்டு, மேலே திரண்ட ஆடையின் உயரத்தை அளந்தார்.

"நூறு மில்லிக்கு ஒண்ணே முக்கால் கிராம் கொழுப்பு. இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல."

"தண்ணி கலந்திருக்கா?"

"கொழுப்பு கம்மின்னு சொன்னேன். தண்ணின்னு நான் சொல்லல."

"உங்களுக்குத் தராசுன்னு சும்மாவா பேர் வச்சாங்க."

டாக்டர் தாயை வரவழைத்தார். நாத்தனாரும் கூட வந்தாள்.

"குழந்தையோட மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு அமிலமெல்லாம் வயித்துல கடைசி மூணு மாசத்துல உங்ககிட்டருந்து போயிருக்கணும். அதுக்கு முன்னாடியே பொறந்துடுச்சு. இனிமே பால் வழியாத்தான் போகணும், அதுல கொழுப்பே இல்ல. நாளையிலருந்து டின் பால்தான். அது இந்தக் குடலுக்கு ஒத்துக்காமப் போகவும் வாய்ப்பிருக்கு. வேற வழி தெரியல."

"நான் எதுவும் கலக்கல டாக்டர்," என்றாள் தாய். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். "பஸ்ல கொட்டிடுச்சா? கொட்டியிருந்தா சொல்லிடு, திட்ட மாட்டேன்."

"என்ன அண்ணி கேக்குறீங்க?"

"அளவு சரியாத்தான் வருதாம், வார்டுல கேட்டுட்டேன். நான் பேனாவால கோடு போட்டுத்தான் அனுப்புறேன். ஆனா கொட்டினதுக்குப் பதிலாத் தண்ணி ஊத்தினா கோடு காட்டாது."

நாத்தனார் அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கோடு எனக்காப் போட்டது? டாக்டர் போடச் சொன்னாங்கன்னுல்ல நெனச்சேன்."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரில் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்பதே அவர் கணக்கு.

"சிஸ்டர், காலி பாட்டிலெல்லாம் தெனமும் நான்தான் கழுவுறேன்," என்றாள் நாத்தனார். "ரெண்டு தரம் சோப்பு போட்டாலும் கை வழுக்குது. தண்ணிப் பாலுக்கு எதுக்கு இத்தன பிசுக்கு?"

அந்தக் கேள்வி நர்ஸை விடவில்லை. பிசுக்கு பாட்டிலில் இருந்தால், வழியில் எங்கே போகிறது?

தாயை அங்கேயே உட்காரவைத்து, தன் கண் முன்னால் பால் எடுக்கச் சொன்னார். அதைத் தானே லேபுக்குக் கொண்டுபோனார். 3.8 கிராம். அதே பாலைச் சிரிஞ்சில் ஊற்றிப் பம்பில் வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்துக் குழாய் நுனியிலிருந்து கொஞ்சம் எடுத்தார். 1.8.

"நடுவுல யாரும் தொடலயே?" என்றார் தராசு.

"நான்தான் பக்கத்துலயே நின்னேன். என்னைச் சந்தேகப்படுறீங்களா?"

"நீங்க எல்லாரையும் சந்தேகப்படும்போது, நான் ஒருத்தரையாவது படக்கூடாதா?"

நர்ஸ் வார்டுக்குத் திரும்பிக் குனிந்து பார்த்தார். படுத்திருந்த சிரிஞ்சின் மேல்பக்கம் நெடுக, விரலளவு அகலத்தில் மஞ்சள் ஆடை ஒட்டியிருந்தது. பால் நிற்க நிற்கக் கொழுப்பு மேலே மிதக்கிறது. துவாரம் இருப்பது நடுவில். ஆடை துவாரத்துக்கு இறங்குவதற்குள் அந்த வேளைக்குக் கொடுக்க வேண்டிய அளவு போய் முடிந்துவிடும். குழாயை நிரப்ப ஊற்றும் கூடுதல் பாலின் மிச்சத்தோடு அது குப்பைத்தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. குப்பையிலிருந்து காலைச் சிரிஞ்சை எடுத்து, உள்ளே விரலால் தடவினார். வழுக்கியது. நாள்தோறும் அதைத் தூக்கிப்போட்டவர் அவர்தான்.

பம்பின் முன்பக்கத்துக்கு அடியில் துணியை மடித்து வைத்து, சிரிஞ்சின் மூக்கு மேலே பார்க்கும்படி நிமிர்த்தினார். இப்போது கொழுப்பு முதலில் போனது. மாலையில் மறுபடி அளந்தபோது குழாய் நுனியில் 3.6.

தராசு வார்டுக்கு வந்து அந்த எண்ணைச் சொன்னதும் தாய் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "தப்பா நெனச்சிட்டேன்."

"பரவால்ல அண்ணி," என்றாள் நாத்தனார், ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிபார்த்தபடி. அந்தப் பெட்டியை அவள் தாயின் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

டின் பால் உத்தரவு ரத்தானது. வார்டின் ஆறு பம்புகளும் அன்றே நிமிர்த்தப்பட்டன. மார்ச் 19 அன்று நான்காம் எண் இன்குபேட்டர் குழந்தையின் எடை 1,375 கிராம். பாலை இப்போது குழந்தையின் அப்பா கொண்டுவருகிறார்.