ஆலோசனை அறையில் பெய்த பனி

1998 மார்ச் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, வட ஜெர்மனியில் ஓல்டென்ஹோர்ஸ்ட் என்ற சிற்றூரின் கருக்கலைப்பு ஆலோசனை நிலையத்தில், ஆலோசகர் உல்ரிக்கே கோஸ்டர் பேசிய வாக்கியங்கள் பனியாக விழுந்தன. எதிரே இருந்தவள் பேருந்து ஓட்டும் ஸில்கே. மூன்று பிள்ளைகளின் தாய். தீர யோசித்து முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனால் ஆலோசனை பெற்ற சான்றிதழும் அதற்குப் பின் மூன்று நாள் காத்திருப்பும் இல்லாமல் மருத்துவர் தொடமாட்டார். அதுதான் சட்டம். உல்ரிக்கே வழக்கம்போல உதவித்தொகை, காப்பகம், கருவின் உயிர் என்று வரிசையாகச் சொல்ல, ஒவ்வொரு சொல்லும் உதட்டைத் தாண்டியதும் வெளுத்து மேசைமேல் உதிர்ந்தது.

"ஏங்க, ஜன்னல் எதுவும் திறந்திருக்கா?" என்றாள் ஸில்கே.

"இல்லம்மா. நான்தான் பேசிக்கிட்டிருக்கேன்." உல்ரிக்கேவுக்கு வெட்கமாகப் போயிற்று. கைக்குட்டையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், கைக்குட்டை விறைத்தது.

பக்கத்து அறையிலிருந்து வந்த மேலாளர் டீடமன் கணுக்கால் வரை பனியில் நின்றார். "காதுல விழாதது ஆலோசனையே இல்ல. சான்றிதழ் கிடையாது."

"காலே நனைஞ்சுபோச்சு, இன்னும் என்ன சார் விழணும்?" ஸில்கே சிரிக்கவில்லை. அவளுக்குப் பதினொன்றாவது வாரம். பன்னிரண்டைத் தாண்டினால் கதவு மூடிவிடும்.

அதுவரை மேலாளரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத உல்ரிக்கே, முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள். "பேசணும்னு சட்டம் சொல்லுது, பேசிட்டேன். இவங்க மனசு மாறணும்னு எங்கயும் எழுதல." இத்தனை வருடங்களில் அந்த அறையில் தான் சொன்னவற்றிலேயே இதுதான் தன் சொந்த வாக்கியம் என்று அவளுக்குத் தோன்றியது. அது பனியாகவில்லை. டீடமன் தன் அறைக்குப் போய்க் காலுறையைக் காயவைத்தார்.

அன்றிலிருந்து, முடிவெடுத்துவிட்டு வருபவர்களிடம் ஆலோசனை பேசினாலே பனி விழுந்தது. மனதில் இரண்டு எண்ணத்தோடு வருபவர்களிடம் சொற்கள் சொற்களாகவே இருந்தன. ரொட்டிக்கடை மெர்லே மூன்று முறை வந்து அழுதாள், சிரித்தாள், மணிக்கணக்கில் பேசினாள். ஒரு துளி பனி இல்லை. ஊர் இரண்டாகப் பிரிந்தது. "பனியா இருந்தாலும் சொல்லத்தான் வேணும், உருகி உள்ள போகாதா?" என்றார் பாதிரியார் எக்கார்ட். "உருகினா சளிதான் பிடிக்கும் சாமி. கேக்கிறவங்களுக்குச் சொல்லுங்க, மத்தவங்கள விடுங்க" என்றாள் மருந்துக்கடை வீப்கே. இருபது ஆண்டுகள் மதுக்கடையில் இதையே வாதிட்டார்கள். யார் மனமும் மாறவில்லை, இருவரும் நெருங்கிய நண்பர்களானதுதான் மிச்சம். ஸில்கே பேருந்தில் நிலையத்தின் தெருவைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு முறை ஹாரன் அடித்துப் போனாள். சட்டம் மாறவில்லை, பனியும் நிற்கவில்லை. முற்றத்தில் குவித்ததில் இரு கட்சிப் பிள்ளைகளும் ஜூன் வரை சறுக்கி விளையாடினார்கள்.

உல்ரிக்கே ஓய்வு பெறும் நாளன்று வெளியே நல்ல வெயில். கடைசியாக வந்தவள் உட்கார்ந்த தோரணையிலேயே அவள் முடிவெடுத்துவிட்டு வந்தவள் என்று உல்ரிக்கேவுக்கு விளங்கிவிட்டது. கம்பளிப் போர்வை ஒன்றை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டு, பேச ஆரம்பித்தாள்.