வெர்னனின் டிரம்பெட் வழக்கு

நான் எழுத்தராக இருக்கும் கவுண்ட்டி நீதிமன்றப் பதிவறையில் யார் வழக்கையும் யாரும் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் அடுத்தவன் யோக்கியதையைத் துருவத்தான் வருவார்கள். வெர்னன் கிழவர் மட்டும் ஏப்ரல்தோறும் தன் வழக்கையே கேட்டு வருவார்.

1966-இல் விடியுமுன் டிரம்பெட் ஊதி அமைதியைக் கெடுத்த வழக்கு. புகார் எழுதிக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு ரூபி. மறுவருஷம் அவரையே கட்டிக்கொண்டாள். அவள் இறந்த பிறகு, அவள் கையெழுத்தில் இருந்த அந்தப் புகாரைப் பிரித்து வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நகல் வேண்டுமா என்று கேட்டால், "அசல் இங்க இருக்கையில நகல் எதுக்கும்மா?" என்பார்.

இந்த ஏப்ரலில் கோப்பு இல்லை. நான் விடுப்பில் இருந்தபோது, பழைய குற்றப் பதிவை நீக்கக் கேட்டு ஒரு மனு வந்து, நீதிபதி உத்தரவின்படி அழித்துவிட்டார்கள்.

"லோரெட்டா, விளையாடாத. எடு."

"அப்படி ஒரு வழக்கே இல்லீங்க," என்றேன். அழித்த வழக்கைக் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். நாசமாய்ப் போன சட்டம்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "எம் பொண்ணு வேலை. எண்பதாவது பிறந்தநாளுக்கு, 'அப்பா, உங்க பேரச் சுத்தமாக்கிட்டேன்'னா. என்னமோன்னு நெனச்சேன்."

சட்டம் கிடக்கட்டும் என்று, அவரோடு வருஷாவருஷம் படித்ததை ஒப்பித்தேன். "'பக்கத்து வீட்டுப் பையன் விடியறதுக்குள்ள ஊதுறான். அதுவும் தப்பா ஊதுறான்.'"

"'மகா தப்பா'ன்னு எழுதியிருந்தா," என்று திருத்தினார். "எனக்கும் மனப்பாடம்தாம்மா. அந்த 'மகா'வத் தாள் கிழியற மாதிரி அழுத்தி எழுதியிருப்பா. அதப் பாக்கத்தான் வருவேன்."