பதினொரு நாள் எரிந்த பல்பு

கௌதமன் இறந்து நாற்பதாம் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு, பிளக்கைப் பிடுங்கி மூலையில் வைத்திருந்த அவனுடைய கிட்டார் ஆம்ப் தானாகச் சுருதி சேர்த்தது. ஆறு கம்பிகளின் சத்தமும் வரிசையாக வந்தது. ஆறாவது, அவன் வாசிக்கும்போது இருந்ததுபோலவே, சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. சூலூரில் அந்தத் தெருவே கேட்டது. அதற்குப் பிறகு தினமும் அதே நேரத்துக்குக் கேட்டது. முதல் வாரம் கூட்டம் வந்தது. அப்புறம் அதைக் கேட்டு, ஆறரை ஆகிவிட்டதென்று உலை வைக்க எழுந்தார்கள்.

அவனைக் கொன்றதும் அதே ஆம்ப் பெட்டிதான். ஞாயிறு சபையில் வாசிக்கும்போது உறுமுகிறதென்று எர்த் கம்பியை வெட்டிவிட்டிருந்தான். வாசிக்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற பைத்தியக்காரத்தனம். உறுமல் நின்றது. ஒரு மழைநாளில் ஈரக்காலோடு கிட்டாரைத் தொட்டவன் எழவில்லை.

மகள் யுவஸ்ரீ, கிறிஸ்துமஸுக்கு அப்பாவின் ஆம்பில்தான் வாசிப்பேன் என்று நின்றாள். தாய் கிருபா மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். அப்படியே கொடுத்தால் மகளும் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து கையை வைக்குமுன், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தேங்கி நிற்கிற கரண்டை இறக்கியாக வேண்டும். ஆறரை மணிச் சத்தம் அந்தக் கரண்டில்தான் இருக்கிறது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. மாமனார் ஐயாசாமி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"அம்மணி, எம்பையன்ல மிச்சம் அந்தச் சத்தந்தான். அதையும் இறக்கிப்போடாதே," என்றார்.

"அது உள்ள இருக்கறவரைக்கும் தொட்ட ஆளைக் கொல்லுமுங்க மாமா. இன்னொரு சாவு என்னால தாங்க முடியாதுங்க," என்றாள் கிருபா.

ஷாக் நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் கெபாசிட்டரின் இரு முனைகளிலும் ஒயர் கட்டிய பல்பை மாட்டினாள். மிச்சக் கரண்டில் பல்பு கண் சிமிட்டுகிற நேரந்தான் எரியும். இது பதினொரு நாள் எரிந்தது. ஐயாசாமி பக்கத்திலேயே பாய் போட்டுக் கிடந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் அணைந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தாள், பூஜ்யம். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்பியிருந்த கெபாசிட்டரை மாற்றினாள். புதிதாக மூன்று கம்பி ஒயர் போட்டு, எர்த்தைப் பெட்டியின் உள்தகட்டில் இறுக முடுக்கினாள். அன்று ஆறரைக்குப் பெட்டி பேசவில்லை. தெருவில் பல வீடுகளில் உலை தாமதமாயிற்று.

கிறிஸ்துமஸ் அன்று யுவஸ்ரீ வாசித்தாள். உறுமல் இல்லை, ஷாக் இல்லை. ஆறாவது கம்பி மட்டும், சுருதி பார்க்கும் ட்யூனர் சரியென்று காட்டினாலும், அந்தப் பெட்டி வழியாக வரும்போது கொஞ்சம் இறங்கியே ஒலித்தது. ஐயாசாமி முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார். போதகர் நாலைந்து ஞாயிறு பொறுத்துப் பார்த்தார். இப்போது சபையே அந்தக் கம்பிக்கு ஒத்துத்தான் பாடுகிறது.