எல்லாவற்றிலும் குளோரைடு

வகுப்பில் ஒரே ஒரு ஆள் என்றால் கொட்டாவி விடக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. கடைசி பெஞ்ச் என்று ஒன்று கிடையாது. டீச்சர் கேட்கும் கேள்வியை வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று தலையைக் குனிந்துகொள்ளவும் வழியில்லை. எல்லாக் கேள்வியும் உமா மகேஸ்வரிக்குத்தான்.

நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் பதினோராம் வகுப்பு சயன்ஸில் மூன்று பேர் சேர்ந்தார்கள். பிரவீன்குமாருடைய அப்பாவுக்கு மாற்றல் வந்து குடும்பத்தோடு போர்ட் பிளேர் போய்விட்டார்கள். இன்னொருத்தி பெங்காலிப் பெண். மாமா வீடு போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் இருந்ததால் அவளும் ஒரு நாள் பெட்டியோடு கப்பல் ஏறினாள். "நீயும் வா, அங்கே டியூஷன் எல்லாம் இருக்கு" என்று கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் நின்று சொன்னாள். உமாவின் அப்பா அன்பழகன் பெண்ணை ஹாஸ்டலில் விடச் சம்மதிக்கவில்லை. ஆக, மூன்று பேருக்குப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் மட்டும் இவள் மிஞ்சினாள்.

லேப்தான் இவளுடைய வகுப்பறை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆர்ட்ஸ் வகுப்பு. பத்தாவது வரை இவளோடு படித்த அத்தனை பேரும் அங்கேதான். சுவர் கூரை வரை எட்டாது. அவர்கள் டீச்சரைக் கிண்டல் செய்வது, பெஞ்சை இழுப்பது, ப்ரியங்கா மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பது எல்லாம் ஒன்றுவிடாமல் இந்தப் பக்கம் வந்துவிடும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் வராது. உமாவுக்கு அதுதான் தாங்காது.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஒரு பிள்ளைக்காக ஒரு பிரிவு நடத்துவது கஷ்டம். நன்றாகப் படித்தால் நடத்தலாம், இல்லாவிட்டால் ஆர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளட்டும். செய்முறையில், பேர் சொல்லாமல் பொட்டலத்தில் கொடுக்கும் நான்கு உப்புகள். குறைந்தது இரண்டையாவது சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் பொட்டலத்தில் குளோரைடு. சரியாகச் சொன்னாள். இரண்டாவதிலும் குளோரைடு என்று எழுதினாள். தப்பு, அது அசிடேட். மூன்றாவதிலும் அதையே எழுதினாள். அது சல்ஃபேட்.

"உனக்குக் குளோரைடு மேல அப்படி என்ன பிரியம், உமா?" என்றார் விசாலாட்சி மேடம். முதல் தடவை சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை.

விஷயம் சுவர் தாண்டிப் போக எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாளே ப்ரியங்கா அவளுக்குப் பேர் வைத்துவிட்டாள். "ஏய், நமக் ராணி! எங்க வீட்டுச் சாம்பார்ல என்ன குறைச்சல்னு கொஞ்சம் வந்து பார்த்துச் சொல்லேன்." உப்பு ராணி. உமாவும் சேர்ந்து சிரித்தாள். பேர் வைத்துக் கூப்பிடும் அளவுக்காவது தன்னை ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று ஒரு மூலையில் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளைக் குழப்பியது வேறு. இரண்டாவது உப்பில் அமிலம் விட்டுச் சூடாக்கியபோது அசிடேட்டுக்கு உரிய வினிகர் வாசனை மூக்கில் ஏறியது. சந்தேகமே இல்லை, அப்படியே ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி. அப்புறம் உப்பைத் தண்ணீரில் கரைத்துச் சில்வர் நைட்ரேட் விட்டாள். வெள்ளையாகத் திரண்டது. அம்மோனியா விட்டதும் கரைந்தது. குளோரைடுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வாசனை ஏமாற்றலாம், கடைசிச் சோதனை ஏமாற்றாது என்பது பாடம். தன் மூக்கைவிடப் பாடத்தை நம்பினாள். மூன்றாவது உப்புக்கு வெள்ளை திரண்டதுமே விடை கிடைத்துவிட்டதென்று மேற்கொண்டு சோதிக்காமல் விட்டாள்.

மூன்றாவதும் தப்பான அன்று மேடம் அவளை உட்காரச் சொன்னார்.

"நீ நல்லாப் படிக்கிற பொண்ணு. ஆனா எல்லாருக்கும் கெமிஸ்ட்ரி வரணும்னு ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் போனா உனக்கும் நாலு பேர் துணை."

சொல்லும்போது மேடம் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக ஜெட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மேடத்தின் வீடு போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில். கணவரிடம் மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தார். சயன்ஸ் பிரிவு இல்லையென்றால் கெமிஸ்ட்ரி டீச்சருக்கு இங்கே வேலையில்லை, ஊருக்குத் திரும்பலாம். இது பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது உமா ஒன்றைக் கண்டுகொண்டாள். முதல் தப்புக்கு அழுகை வந்தது. இரண்டாவது தப்புக்கு வரவில்லை. நெஞ்சில் ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. தான் தோற்றால் மேடத்துக்கு நல்லது, ப்ரியங்காவுக்குச் சந்தோஷம், பெண் தனியாகப் படிக்கிறாளே என்ற கவலை அப்பாவுக்கும் விட்டது. தனக்கும்தான். அப்புறம் எதற்காக ராத்திரி சாப்பாட்டில் கை ஓடவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

நான்காவது உப்புக்கு முந்தின நாள் மேடம் லேப் சாவியைக் கொடுத்தார். "பழைய பொட்டலத்தை வெச்சு ஒரு தடவை ரிவிஷன் பண்ணிப் பாரு."

லேபில் இவள் மட்டும். பெஞ்சில் மிச்சமிருந்த சல்ஃபேட், டெஸ்ட் டியூப்கள், வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேன் எப்போதோ காலி. காற்று பலமாக இருந்ததால் கப்பல் வரவில்லை, புதுக் கேனும் வரவில்லை. "மேடம், எங்க வீட்டு மழைத் தண்ணி கொண்டு வரட்டுமா? இன்வெர்ட்டர் பேட்டரிக்கே அதைத்தான் ஊத்துறாங்க" என்று முதல் உப்புக்கு முன்பே கேட்டது உமாதான். மேடமும் சரி என்றார். இந்தத் தீவில் மழைத் தண்ணீரைச் சந்தேகப்படுகிறவர் யார்? வாசலில் நீல டிரம் வைக்காத வீடு கிடையாது.

டியூபில் தண்ணீர் விட்டாள். அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்ல, ஒரு கணம் நிசப்தம். அப்புறம் மொத்த வகுப்பும் வெடித்தது. ப்ரியங்காவின் சிரிப்பு மட்டும் தனியாக மேலே ஏறி இறங்கியது. என்ன சொல்லியிருப்பார்கள்? உமா காதைச் சுவர்ப் பக்கம் வைத்தபடியே அமிலம் விட்டாள், சில்வர் நைட்ரேட் விட்டாள். திரும்பினாள். வெள்ளை. வழக்கம்போல.

அப்புறம்தான் பார்த்தாள். உப்புப் பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை. காகிதம் மடித்த மடிப்பில் அப்படியே இருந்தது.

சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்ததில் உப்பைப் போட மறந்திருக்கிறாள். போடாத உப்புக்கு வெள்ளை வந்திருக்கிறது.

வேறு டியூபைத் துடைத்தாள். வெறும் தண்ணீர், அமிலம், சில்வர் நைட்ரேட். மறுபடியும் வெள்ளை, பாலில் தண்ணீர் கலந்த மாதிரி. அவள் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள். உமாவின் வீடு கடலைப் பார்த்தது. தகரக் கூரை. காற்று அடித்தால் ஜன்னல் கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒரு படலம் ஒட்டும், அம்மா தினமும் திட்டிக்கொண்டே துடைப்பாள். கண்ணாடியில் ஒட்டுவது கூரையில் ஒட்டாதா? இத்தனை நாளாக அடித்த காற்று தகரத்தில் தடவி வைத்த உப்பையெல்லாம் மழை கழுவி டிரம்மில் சேர்த்திருக்கிறது. அதைச் சுத்தம் என்று பாட்டிலில் பிடித்து, தன் கையாலேயே ஒவ்வொரு உப்பிலும் குளோரைடை ஊற்றியிருக்கிறாள்.

மூக்கு சொன்னது சரி. ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். வாசல் வரை போய் நின்றாள். யாரிடம்?

அதற்குள் ப்ரியங்காவே உள்ளே வந்துவிட்டாள், கையில் பாதி கடித்த கொய்யாவோடு.

"அரே, இன்னும் கிளம்பலையா? நாளைக்கும் குளோரைடுதானே? சட்டுனு எழுதிக் கொடுத்துட்டு வந்துடு. திங்கக்கிழமையிலேருந்து நீ என் பக்கத்துல. அந்த ஹேமாவை எழுப்பிப் பின்னாடி அனுப்பிட்டேன்."

"அவ கோச்சுக்கலையா?"

"கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும். பத்து வருஷம் ஒண்ணா உக்காந்திருக்கோம், நீ என்ன இங்க பாகல் மாதிரி, பைத்தியம் பிடிச்சு, பாட்டில்கிட்டே பேசிட்டு இருக்கே?" கொய்யாவை நீட்டினாள். "கடி. உப்பு போடல, நீ இருக்கியே."

உமா கடித்தாள். டியூபைப் பற்றிச் சொல்லவில்லை. ப்ரியங்கா போன பிறகு லேபைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் இட்லிப் பானையை எடுத்து, தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணம் வைத்து, மூடியைக் கவிழ்த்துப் போட்டு அடுப்பை ஏற்றினாள். நிஜமா இல்லையா என்று பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மா வசந்தகுமாரி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி வேகுது?"

"ஒண்ணும் இல்லம்மா. தண்ணி."

"மாவு?"

"மாவு கிடையாது. ஆவிதான் வேணும்."

"ஏங்க, இங்க வந்து பாருங்க," என்று அம்மா உள்ளே குரல் கொடுத்தாள். "உங்க பொண்ணு ஆவியை அவிச்சுக்கிட்டு இருக்கா. கேஸ் விக்கிற விலையில!"

ஆனாலும் அம்மா அடுப்பை அணைக்கவில்லை. மூடி சூடேறாமல் இருக்க மேலே ஈரத்துணி போடச் சொன்னதும் அவள்தான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உமா எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். மூடியின் உள்பக்கம் நீர் கோத்து, கனத்து, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும் சத்தத்தைக் கேட்டபடி அவள் அடுப்பங்கரையிலேயே நின்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளியில் வேறு யாரும் இல்லை. மேடம் பொட்டலத்தை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். சிக்னல் அங்கேதான் ஒரு கோடு கிடைக்கும். உமா ஆவித் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தாள். டியூபுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் கம்பி தெளிவாகத் தெரிந்தது. ஒன்றும் திரளவில்லை.

இப்போது மேஜையில் இரண்டு பாட்டில்கள். இரண்டிலும் தண்ணீர். யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

வராந்தாவில் பிள்ளையின் குரல் போனில் உடைந்து உடைந்து கேட்டது. "மம்மா, கப் ஆவோகீ?" எப்போது வருவாய் என்று கேட்கிறது. மேடம், "ஜல்தி, பேட்டா, ஜல்தி" என்று சீக்கிரமே வருவதாகச் சொன்னார். லைன் கட்டாகிவிட்டது. "ஹலோ" என்று இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

கூரைத் தண்ணீர் பாட்டில்தான் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்தால் யாரையும் ஏமாற்றியதாகக்கூட ஆகாது. நேற்று வரை செய்ததை இன்றும் செய்கிறாள், அவ்வளவுதானே. மூடியைத் திறந்தாள். டியூபில் உப்பு காத்திருந்தது. வெள்ளை வரும், குளோரைடு என்று எழுதுவாள், திங்கட்கிழமை சிரிப்பின் நடுவில் உட்கார்ந்திருப்பாள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கடைசியில் தெரிந்துவிடும். அப்போதும் இந்த டியூபில் வந்த வெள்ளை கூரைத் தண்ணீருடையது என்று அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும். ப்ரியங்கா தோளில் சாயும்போதும் தெரிந்திருக்கும். அத்தனை பேர் நடுவே அந்த ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்வதை நினைத்துப் பார்த்தாள். இந்தக் காலி லேபைவிட அது பெரிய தனிமையாகத் தோன்றியது.

மூடியைப் போட்டாள். மற்ற பாட்டிலை எடுத்தாள்.

சில்வர் நைட்ரேட் தெளிவாகவே நின்றது. சல்ஃபேட்டும் இல்லை. கடைசியாக இரும்பு உப்புக் கரைசலைச் சேர்த்து, டியூபைச் சாய்த்து, அடர் அமிலத்தை ஓரமாக இறக்கினாள். அவசரப்பட்டால் கலந்துவிடும். அவசரப்படவில்லை. இரண்டு திரவமும் தொடும் இடத்தில் மெல்லிசாக ஒரு பழுப்பு வளையம் எழுந்து நின்றது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று புத்தகத்தில் போடவில்லை. பார், பார் என்று சொல்லத் தலையைத் திருப்பினாள். பக்கத்தில் நாற்காலிகள்தான்.

நைட்ரேட் என்று எழுதினாள்.

மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். டியூபைத் தூக்கிப் பார்த்தார். "சரிதான்" என்றார். அப்புறம், "எப்படி?"

உமா சொன்னாள். கூரை, காற்று, டிரம், பானை எல்லாம். மேடம் பழைய தண்ணீரை எடுத்துத் தானே ஒரு தடவை செய்து பார்த்தார். வெள்ளை திரண்டதும் டியூபை ஸ்டாண்டில் வைத்தார்.

"நானும் யோசிச்சிருக்கணும்," என்றார். "பிரின்சிபால்கிட்ட நான் சொல்லிடறேன். வகுப்பு நடக்கும்."

"சாரி மேடம்."

மேடம் ஜன்னல் வழியாக ஜெட்டிப் பக்கம் பார்த்தார். மேடத்தின் கண்கள் ஒரு கணம் கலங்கின. உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு அமில பாட்டில்களை அலமாரியில் அடுக்கத் தொடங்கினார்.

"திங்கக்கிழமை ஆர்கானிக் ஆரம்பிக்கலாம். பெரிய பாடம். வருஷக் கடைசி வரைக்கும் இழுக்கும்."

"சரி மேடம்."

டியூப்களைக் கழுவக் குழாயடிக்கு எடுத்துப் போனாள் உமா. பழுப்பு வளையம் இருந்ததை மட்டும் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது ஓரங்களில் கலைய ஆரம்பித்திருந்தது. மேடமும் அலமாரியை மூடிவிட்டு வந்து மேஜையின் அந்தப் பக்கம் நின்றார். இருவரும் அது முழுக்கக் கலையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.