பூச்சுக்குள் இருந்த அடிக்கல்

எங்கள் கடற்கரைக் கோயிலின் வரலாற்றைப் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வாசித்தார். "அடிக்கல்லைச் சுனாமி கொண்டுபோனதால், கட்டிய வருடம் தெரியவில்லை."

அம்மா தலைகுனிந்தாள். பாடாலூரிலிருந்து சித்தாளாக வந்து, சுனாமிக்குப் பிறகு கோயில் சுவரைப் பூசியவள் அவள். அவசரத்தில் அடிக்கல்லையும் சேர்த்துப் பூசிவிட்டதை இருபது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர.

"சொல்லும்மா."

"வாய மூடுடி. ஊரே சிரிக்கும்."

நானே எழுந்தேன். "சாமி, கல்லு சுவத்துலதான் இருக்கு. எங்கம்மா தெரியாம பூசிட்டாங்க."

ஊர் சிரித்தது. "பாவம், கடல் மேல பழியப் போட்டுட்டோமே!" என்றார் ஒரு மீனவர்.

சாமியார் ஓர் உளியை வரவழைத்து அம்மாவிடம் நீட்டினார். அவள் செதுக்கச் செதுக்க, 1931 என்று தெரிந்தது.

"இத எப்படி எழுதுறது?" என்றார் சாமியார்.

அம்மா நிமிர்ந்தாள். "பாடாலூர் ஜோதி மூடுனாள், அவளே தொறந்தாள்னு எழுதுங்க."